குரைப்பு: பூஜ்யம்

ஜூன் 2, திங்கள்

இந்த நோட்டுப் புத்தகம் இன்று முதல் ஆல்பர்ட்டுக்கு. ஆல்பர்ட் என் நாய். வயது நான்கு, நிறம் தேங்காய் நார், சாதி தெரு. என் கணவர் போன மறுமாதம் எங்கள் கட்டடத்தின் மீட்டர் அறையில் குட்டியாகக் கிடந்தான். தூக்கி வந்தேன். வளர்த்தேன் என்பதைவிட, பழக்கினேன் என்பதே சரி.

நேற்று மாலை அசோசியேஷன் கூட்டம். சாய்பாபா காலனியில் இருபத்து நான்கு வீடுகள் உள்ள கட்டடத்தில் பேசுவதற்கு விஷயமா இல்லை? தண்ணீர் மோட்டார் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் செயலாளர் சபாபதி என் நாயைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், உங்க நாய் பகல்ல ரொம்பக் குரைக்குதுங்க. மூணு வீட்டுக்காரங்க எழுதிக் குடுத்திருக்காங்க."

நான்கடி தூரத்தில் நிற்கும் ஒரு பெண்மணியிடம் இப்படிக் கத்த வேண்டியதில்லை. சமீப காலமாக எல்லோரும் இப்படித்தான். ஒன்று கத்துகிறார்கள், அல்லது வாய்க்குள்ளேயே மென்று விழுங்குகிறார்கள். நடுவில் ஒரு குரல் உண்டு என்பதையே மறந்துவிட்டார்கள்.

"என் நாய் குரைக்காது" என்றேன்.

"குரைக்காத நாய் எங்குங்க மேடம் இருக்குது?"

"என் வீட்ல இருக்கு."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைப் பேச வைத்தது. அடுத்த கூட்டம் ஜூலை ஆறு. அதற்குள் ஆல்பர்ட் குரைக்கிறான் என்று நிரூபணமானால், ஆனைமலையில் என் சித்தப்பா மகனின் தென்னந்தோப்புக்கு அவனை நானே அனுப்பிவிடுகிறேன் என்று சொன்னேன். நாய் வளர்க்கக் கூடாது என்று அசோசியேஷன் சொல்லச் சட்டத்தில் இடமில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் சட்டத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும் பழக்கம் எனக்கில்லை. சபாபதி மினிட்ஸில் எழுதினார். வாங்கிப் படித்து, இரண்டு பிழைகளைத் திருத்திக் கையெழுத்திட்டேன்.

ஆகவே இந்தக் குறிப்பு. குன்னூர் கான்வென்ட்டில் மதர் பெனடிக்டா சொல்லித் தந்தபடி: மையில் எழுது, மார்ஜின் விடு, நடந்ததை மட்டும் எழுது.

இன்று குரைப்பு: பூஜ்யம்.

ஜூன் 3, செவ்வாய்

ஐந்தரைக்கு எழுந்தோம். லிஃப்ட் கதவு திறந்ததும் ஆல்பர்ட் உட்கார வேண்டும். நான் முதலில், அவன் பிறகு. கயிறு தளர்வாக, என் இடது காலை ஒட்டி நடை. அவன் காரியத்தை முடித்ததும் செய்தித்தாளில் அள்ளிப் பையில் முடிந்து குப்பைத் தொட்டியில் போட்டேன். முதல் மாடி லாப்ரடார் ராக்கியின் சொந்தக்காரர் அந்த நேரத்தில் வானத்தைப் பார்ப்பார். நட்சத்திரமெல்லாம் போன பிறகு வானத்தில் என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்க வேண்டும்.

என் முறை எளிமையானது. கான்வென்ட்டில் எங்களுக்குத் தினமும் ஒரு மணி நேரம் மௌனம் உண்டு. மௌனமாக இருந்தால் ஒரு மிட்டாய். ஆல்பர்ட்டுக்கு மிட்டாய் ஆகாது, பாதி மாரி பிஸ்கட். காலை பதினொரு மணிக்குப் பின்பக்க பால்கனியில் பேப்பர் படிப்பேன். கீழே ரோடு, பஸ் போகும், மேலே ஃபேன். எங்கிருந்தோ வந்து முன்னங்காலை என் முழங்காலில் வைப்பான். வாய் மூடியிருக்கும். "நல்ல பிள்ளை, சத்தமே போடாத பிள்ளை" என்று சொல்லி பிஸ்கட் தருவேன். வாங்கியதும் வாசலுக்கு ஓடுவான். பின்னாலேயே போய்ப் பார்த்தால் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஆள் வருவது மூக்கிலேயே தெரிந்துவிடுகிறது அவனுக்கு.

பூஜ்யம்.

ஜூன் 5, வியாழன்

காலிங் பெல் மறுபடியும் வேலை செய்யவில்லை. இந்த வருடம் இது மூன்றாவது பெல். எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அழுத்திப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி அழுத்தினான்.

"நல்லாத்தானுங்க இருக்குது."

"நல்லா இருந்தா உங்களை எதுக்குக் கூப்பிடறேன்? மாத்துங்க."

மாற்றினான். இப்போதெல்லாம் எதையும் உருப்படியாகச் செய்வதில்லை. மூக்குக் கண்ணாடி கொண்டு வந்த கொரியர்காரர் சீட்டு எழுதிக் கதவில் செருகிவிட்டுப் போயிருக்கிறார்: "மூன்று முறை அழைத்தும் ஆள் இல்லை." அந்த நேரம் நான் வீட்டில்தான் இருந்தேன். ஆல்பர்ட் அந்தச் சீட்டை மோந்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

பூஜ்யம்.

ஜூன் 8, ஞாயிறு

பூஜை முடிந்தது, குளிப்பாட்டியாயிற்று (ஆல்பர்ட்டை). பூஜ்யம்.

ஜூன் 10, செவ்வாய்

பருப்பு தீய்ந்துவிட்டது. குக்கர் விசில் அடிக்கவே இல்லை. வெயிட் மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆல்பர்ட் ஓடி வந்து என் புடவைத் தலைப்பைக் கவ்வி இழுத்தான். துணியைக் கடிப்பது எங்கள் வீட்டில் மன்னிக்க முடியாத குற்றம். "நோ" என்று விரலை உயர்த்தினேன். உட்கார்ந்தான். பிறகுதான் எனக்குத் தீய்ந்த வாடை வந்தது.

தண்டனையா பரிசா என்று யோசித்தேன். குரைக்காமல்தானே வந்தான்? பாதி பிஸ்கட்.

பிற்பகல் கால்நடை மருத்துவமனை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி, குடற்புழு மாத்திரை. மாநகராட்சி உரிம அட்டையின் நகலை சபாபதியின் தபால் பெட்டியில் போட்டேன். கேட்கவில்லைதான். இருக்கட்டும்.

ஜூன் 13, வெள்ளி

லிஃப்ட்டில் நிவேதாவைப் பார்த்தேன். எதிர் வீட்டுப் பெண்; ஐந்து மாதக் குழந்தை. புகார் எழுதிக் கொடுத்த மூவரில் இவளும் ஒருத்தி. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். நல்ல உச்சரிப்பு.

"ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க. நேத்து பதினோரு மணிக்குப் பார்சல்காரர் வந்தாருல்ல? அவர் பெல் அடிக்க அடிக்க ஆல்பர்ட் குரைச்சுட்டே இருந்தானுங்க. அஞ்சு நிமிஷம். பாப்பா அப்பத்தான் தூங்கினா."

"நேத்து பதினோரு மணிக்கு நான் வீட்ல இருந்தேன், நிவேதா."

"தெரியுமுங்க ஆன்ட்டி" என்றாள். என்னவோ பரிதாபப்படுவது போல் பார்த்தாள். பொய் சொல்கிற முகமாக இல்லை. ஆக, அது ராக்கியாகத்தான் இருக்க வேண்டும். மாடிப்படிச் சந்தில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது.

சத்தத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கோயமுத்தூர் டிரங்க் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் போன்களை இணைக்கும் வேலையில், முப்பத்தொரு வருடம். கடைசிப் பதினாலு வருடம் சூப்பர்வைசர். இரைச்சலும் கரகரப்புமாக வரும் லைனில், "ஹலோ" சொல்வதற்கு முன் இழுக்கும் மூச்சை வைத்தே திருப்பூர் பார்ட்டியா ஈரோடு பார்ட்டியா என்று சொல்லிவிடுவேன். எனக்குக் கீழ் வேலை பார்த்த பெண்கள் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார்கள்.

பூஜ்யம். அடிக்கோடிட்டு எழுதுகிறேன்.

ஜூன் 16, திங்கள்

ஒரு நாய்ப் பயிற்சியாளரை வரவழைத்தேன். பயிற்சிக்கு அல்ல, ஆல்பர்ட்டைப் பார்த்து ஒரு சான்றிதழ் எழுதித் தர. பெயர் மருதாசலம். போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட சட்டை, பாலீஷ் போட்ட செருப்பு. எல்லாம் சரி, அந்த மீசைதான். வெள்ளைத் தாழ்வாரம் போல் உதட்டை மூடித் தொங்குகிறது. பாதிப் பேச்சு அதற்குள்ளேயே நின்றுவிடுகிறது.

ஆல்பர்ட்டை உட்காரச் சொன்னேன், படுக்கச் சொன்னேன், கதவைத் திறந்து வைத்துவிட்டு "இரு" என்றேன். இருந்தான். பிஸ்கட்டைப் பாதத்தின் மேல் வைத்தேன். நான் சொல்லும்வரை தொடவில்லை.

மருதாசலம் என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார்.

"மீசையைக் கொஞ்சம் வெட்டிட்டு வந்தீங்கன்னா உங்க பேச்சு வெளிய வரும்" என்றேன்.

சிரித்தார். பிறகு மீசையைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "பையன் தங்கமுங்கம்மா. எங்க ஸ்குவாட்ல இருந்திருந்தா மெடல் வாங்கியிருப்பான். ஒரு நாளைக்கு எத்தன பிஸ்கட்டுங்க போகுது?"

"அஞ்சாறு. சத்தம் போடாம இருக்கறதுக்கு."

"வாசல்ல ஆள் வர்றப்பவா குடுக்கறீங்க?"

"ஆள் வர்றது எனக்கெப்படித் தெரியும்? அவன் வந்து காலைத் தொடுவான், குடுப்பேன்."

அவர் என்னையும் ஆல்பர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இவன் இங்க ஒரு உத்தியோகம் பார்த்துட்டிருக்கானுங்கம்மா" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். சான்றிதழ் கேட்டதற்கு வியாழக்கிழமை வருகிறேன் என்று போய்விட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

திருப்பூரிலிருந்து நாத்தனார் கடிதம். எத்தனை தடவை போன் அடித்தாலும் நான் எடுப்பதில்லையாம். கர்வமாம். எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் அடுத்தவர் போனை எடுத்தவளிடம்!

பூஜ்யம்.

ஜூன் 19, வியாழன்

மருதாசலம் மீசையை வெட்டிக்கொண்டு வந்திருந்தார். மேலுதடு வெளிறிப் போய்ப் பச்சைக் குழந்தை போல் இருந்தது. நான் விளையாட்டாகச் சொன்னதற்கு இப்படியா என்று எனக்குச் சங்கடம்.

"சொன்னது எல்லாம் கேக்குதுங்களா இப்ப?"

"நல்லாக் கேக்குது."

என்னை வழக்கம் போல் பால்கனியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கச் சொன்னார். தன் செல்போனைச் செருப்பு ஸ்டாண்ட் மேல் நிறுத்தி வைத்தார். "ஒரு ஆறேழு நிமிஷமுங்க. நான் வெளிய போய்ட்டு வர்றேன்." போனார். நான் தலையங்கம் படித்தேன். மூன்று இடத்தில் வாக்கியம் சரியில்லை. ஆல்பர்ட் வந்து முழங்காலைத் தொட்டான். பாராட்டினேன், பிஸ்கட் கொடுத்தேன். வாசலுக்குப் போனோம். மருதாசலம் நின்றிருந்தார்.

சோபாவில் என் அருகில் உட்கார்ந்து செல்போனை என் கையில் கொடுத்தார்.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

படத்தில் ஒரு நாய் வாசல் கதவின் முன் நிற்கிறது. வாயைத் திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் உடம்பு முழுக்கக் குலுங்கி முன்னங்கால் இரண்டும் தரையை விட்டு எழும்புகிறது. திரும்பித் திரும்பி உள்ளே பார்க்கிறது. மறுபடி வாயைத் திறக்கிறது. அதற்குப் பின்னால், நடையின் கோடியில், வெளிச்சத்தில் ஒரு கிழவி பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தைப் புரட்டுகிறாள். கண்ணாடியைத் துடைக்கிறாள். ஒரு தடவைகூட நிமிரவில்லை. நாய் கடைசியில் நடை முழுக்க ஓடிப் போய், வாயை மூடிக்கொண்டு, அவள் முழங்காலில் காலை வைக்கிறது. அவள் குனிந்து அதன் தலையைத் தடவி பிஸ்கட் கொடுக்கிறாள்.

"சவுண்டு வைங்க" என்றேன்.

"முழுசாத்தானுங்கம்மா வச்சிருக்கேன்."

அவரும் ஆல்பர்ட்டும் தரையைப் பார்த்தார்கள்.

ஜூன் 20, வெள்ளி

மழை பெய்தது. ஜன்னலில் பார்த்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஆனைமலைக்குக் கடிதம் எழுதினேன். ஏழாம் தேதி காலை ஜீப்போடு வரும்படி. ஆல்பர்ட்டின் சாப்பாட்டு நேரம், ஊசி அட்டை, இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போவது, தக்காளி ஒத்துக்கொள்ளாதது, எல்லாம் தனித் தாளில் எழுதி இணைத்தேன். மூன்று பக்கம் வந்துவிட்டது. கையெழுத்திட்ட வார்த்தை கையெழுத்திட்ட வார்த்தைதான். தவறு யாருடையது என்று மினிட்ஸில் ஒன்றும் இல்லை.

இந்த நோட்டில் "பூஜ்யம்" என்று எழுதிய இடங்களிலெல்லாம் சிவப்பு மையில் ஒரு கோடு அடித்தேன். பதிலுக்கு எந்த எண்ணை எழுதுவது? தெரியவில்லை. அந்த இடங்களைக் காலியாக விட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

மருதாசலம் தானாகவே வந்தார். கட்டணம் பேசவில்லை, நான் பேச வந்தபோது கையை உயர்த்தித் தடுத்துவிட்டார்.

"தோப்புக்கு அனுப்பறேன்னு சொன்னீங்களாமா. சபாபதி சார் சொன்னாருங்க."

"ஆமா."

"அனுப்புங்க, உங்க நாய். ஆனா அவன் எதுக்குக் குரைக்கறான்னு தெரியுங்களா? 'ஆள் நிக்குது, வாங்க'ன்னு கூப்பிட்டுப் பாக்கறான். நீங்க வர்றதில்ல. அப்பறம் ஓடியாந்து தொடறான். அதுக்குப் பிஸ்கட். அவங் கணக்குல, குரைச்சு, ஓடியாந்து, தொட்டாத்தான் பிஸ்கட். நீங்கதானுங்க குரைக்கச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. நாலு வருசமா, டைம் தப்பாம."

என்னிடம் இப்படி யாரும் பேசி நாற்பது வருடம் ஆகியிருக்கும். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஏனென்றால் அது சரி.

"திருத்த முடியுமா?"

"பத்து நாளு. ஆனா எதுக்குங்க, அனுப்பப் போற நாய்க்கு?"

"அனுப்பறதா இருந்தாலும் அரைகுறையா அனுப்ப மாட்டேன்" என்றேன். கான்வென்ட்டில் வீட்டுக்கு அனுப்பப்படும் பெண்ணுக்குக்கூட யூனிஃபார்மை இஸ்திரி போட்டுத்தான் அனுப்புவார்கள்.

ஜூன் 25, புதன்

பயிற்சி இப்படி. மருதாசலம் வெளியே போய் பெல் அடிப்பார். நான் பால்கனியில் இல்லை, வாசலுக்குப் பக்கத்திலேயே முக்காலியில். பெல்லின் மேல் மருதாசலம் ஒரு சிவப்பு பல்பு மாட்டியிருக்கிறார், அடித்தால் எரியும். எரிந்த கணமே, ஆல்பர்ட் வாய் திறப்பதற்குள், நான் தொடையைத் தட்ட வேண்டும். வந்து தொட்டால் பிஸ்கட். வாயைத் திறந்துவிட்டால் ஒன்றுமில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நாளுக்கு நாள் முக்காலி பின்னால் நகரும்.

முதல் நாள் முப்பது முறை. இருபத்தாறு தடவை வாயைத் திறந்தான். இப்போது நான் அவன் வாயையேதான் பார்க்கிறேன். இதை முன்பே செய்திருக்கலாம்.

ஜூன் 28, சனி

முக்காலி சாப்பாட்டு மேஜை வரை வந்துவிட்டது. முப்பதில் ஒன்பது தடவைதான் வாயைத் திறந்தான். மருதாசலம் படியேறி இறங்கி மூச்சு வாங்கினார். இப்போது பெல் அடிப்பது நிவேதா. குழந்தையின் விரலைப் பிடித்து அழுத்துகிறாளாம். குழந்தை விடமாட்டேன் என்கிறதாம். ஒரே நிமிடத்தில் பதினேழு முறை பல்பு எரிந்தது. ஆல்பர்ட் பதினேழு முறையும் என்னைத் தொட்டுவிட்டுக் களைத்துப் படுத்தான்.

ஜூலை 2, புதன்

முக்காலி பால்கனிக்கு வந்துவிட்டது. முப்பதில் பூஜ்யம். சிவப்பு மையில் அல்ல, நீல மையில். மருதாசலமும் நிவேதாவும் சாட்சி.

ஜூலை 5, சனி

அவன் தட்டு, கயிறு, போர்வை, இரண்டு பாக்கெட் மாரி பிஸ்கட் ஆகியவற்றைப் பையில் வைத்தேன். பையைச் சுற்றி மோந்தான். உள்ளிருந்து போர்வையை இழுத்துக் கொண்டு போய் என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு அதன் மேல் படுத்துக்கொண்டான். எடுத்து மடித்து மறுபடி வைத்தேன். மறுபடி இழுத்தான். நான்காவது தடவை விட்டுவிட்டேன். ஒழுங்கீனம்தான்.

ஜூலை 6, ஞாயிறு

கூட்டம். ஆல்பர்ட்டை அழைத்துப் போயிருந்தேன். என் நாற்காலிக்கு இடப்பக்கம் உட்கார்ந்தான். லிஃப்ட், மோட்டார், பெயின்ட் எல்லாம் முடிந்து என் முறை வந்தது.

சபாபதி எழுந்தார். "மேடம், நாலு நாளா ஒரு சத்தமும் இல்லைங்க. அதனால அந்தத் தீர்மானத்த விட்டுடலாம்னு…"

"சலுகை வேண்டாம்" என்றேன். "நாய் குரைச்சிருக்கு. நிரூபணம் ஆயிடுச்சு. நானே பார்த்தேன்."

நிவேதா எழுந்துவிட்டாள். "நான் குடுத்த லெட்டர வாபஸ் வாங்கறனுங்க. அவன் குரைக்காததுனால இப்ப பாப்பா மதியம் ரெண்டு மணி வரைக்கும் தூங்கறா, ராத்திரி எங்களத் தூங்க விடறதில்ல. பழையபடி குரைச்சாலே தேவலைங்க ஆன்ட்டி."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பின்வரிசையில் மருதாசலம் உட்கார்ந்திருந்தார். இந்தக் கட்டடத்துக்காரர் அல்ல. எதற்கு வந்தார் என்று தெரியவில்லை. மீசை முளைத்துக்கொண்டிருந்தது. ஆல்பர்ட்டைக் காட்டினார், பிறகு என்னை. அவ்வளவுதான்.

அவனுடைய குற்றம் இல்லாத ஒன்றுக்கு அவனை ஊரை விட்டு அனுப்பிவிட்டு, என் குற்றத்தை இங்கேயே பீரோவில் பூட்டி வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். எழுந்து நின்றபோதுதான் அது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. மதர் பெனடிக்டா இருந்திருந்தால் என்னை முட்டி போட வைத்திருப்பார்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மூன்று சொற்கள். மினிட்ஸில் இருக்கின்றன, இங்கே திரும்ப எழுதத் தேவையில்லை. பிழை எதுவும் இல்லாததால் திருத்தாமல் கையெழுத்திட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. சபாபதி என் அருகில் வந்து, முதல் தடவையாகக் கத்தாமல், நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்: "அப்படீன்னா வைத்தியம் ஆக வேண்டியது உங்களுக்குத்தானுங்க மேடம், அவனுக்கு இல்ல. ஆனைமலைக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னு நான் சொல்லிடட்டுங்களா?"

"சொல்லுங்க" என்றேன். "மரியாதையாச் சொல்லுங்க. ஜீப்புக்கு டீசல் போட்டிருப்பான்."

ஜூலை 16, புதன்

கருவி பொருத்தினார்கள். இரண்டு காதிலும். பாசிப்பருப்பு அளவு என்றார்கள். மொச்சை அளவு இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். கீல் கத்துகிறது, எண்ணெய் விட வேண்டும். ஃபிரிட்ஜ் முனகுகிறது. புதிய பெல் ஒரு அவலட்சணமான பாட்டுப் பாடுகிறது. இதையா மூன்று தடவை மாற்றினேன்? பழைய பெல் எப்படிப் பாடியது என்பது இனித் தெரியாது. குக்கர் நான்கு விசில் அடித்தது, நான்கையும் நின்று எண்ணினேன்.

இவற்றுக்கெல்லாம் நடுவில் இன்னொரு சத்தம். டக் டக் டக் டக். சமையலறைக்குப் போனால் பின்னாலேயே வருகிறது. நின்றால் நிற்கிறது. பூஜை அறை, பால்கனி, படுக்கையறை. எங்கே போனாலும் இரண்டடி பின்னால். குழாயோ என்று பார்த்தேன். பிறகு திரும்பிப் பார்த்தேன்.

ஆல்பர்ட்டின் நகம், மொசைக் தரையில்.

இந்த நான்கு வருடமும் இப்படித்தான் வந்துகொண்டிருந்திருக்கிறான்.

நகம் நீளமாகிவிட்டது. இந்த அளவுக்கு வளர விட்டது என் தவறு. முதல் வேலையாக நாளைக்கே வெட்ட வேண்டும்.

நாளைக்கு வேண்டாம். கொஞ்ச நாள் போகட்டும்.